கல் மாதிரி இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

நம் இளைஞர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கல் மாதிரி இருக்க வேண்டுமாம். தாமானில் பொங்கோல் ஏறினால் தலை கூரையில் இடிக்க வேண்டும். டோல் சாவடிக்கு முன்னால் வரும் கோடுகளில் பல் தந்தியடிக்க வேண்டும். அப்போதுதான் ‘செட்டப்’ சரியாம். “சொகுசா போகணும்னா எம்பிவி வாங்கிக்கோ” என்று கிண்டலும் சேர்ந்து வரும்.

காரின் மேல் ஆசை உள்ளவர்கள் வீட்டில் இதனால் சண்டையும் வருகிறது. மாதத் தவணை கட்டுவது ஒருவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவது இன்னொருவர். பல வீடுகளில் அந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் ஒரே கார். சந்தைக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான், மருத்துவமனைக்கும் அதுதான்.

உண்மையில் வேகமும் சொகுசும் எதிரிகளா? இல்லை என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது. கரடுமுரடான நம் சாலையில் நன்றாக ஓடும் கார், பெரும்பாலும் உட்காருபவருக்கும் நன்றாகவே இருக்கும். எதை முதலில் மாற்றுகிறோம், எவ்வளவு மாற்றுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தம்பியின் பட்டியல்

எங்கள் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவைக் கவனிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். வயது 28. பழைய டொயோட்டா 86 ஒன்றை வாங்கி, அதைப் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார். போனஸ் கிடைத்த வாரம் ஒரு பட்டியலோடு என்னிடம் வந்தார்.

“அக்கா, 18 அங்குல ரிம், 40 மில்லிமீட்டர் இறக்கம், ஃபேக்டரியை விட ரெண்டு மடங்குக்கு மேல டைட்டான ஸ்பிரிங். அட்ஜஸ்டபிள் செட். கடையில பேசிட்டேன். எப்படி இருக்கு?”

“தம்பி, உங்கம்மாவை இதுலதானே கிள்ளான் மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போறீங்க?”

“ஆமா அக்கா. மாசத்துக்கு ஒரு தடவை.”

“முதுகுல ஆபரேஷன் செஞ்சவங்க. அவங்க உட்காருவாங்களா?”

தம்பி பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் முகம் வாடிவிட்டது. அம்மாவுக்காக ஆசையை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் சொல்ல வந்தது அது இல்லை. அம்மா இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியல் நல்ல பட்டியல் இல்லை. ஏன் என்று புரிய, காரின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மேலே, ஸ்பிரிங்குக்குக் கீழே

காரின் எடையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பாடி, என்ஜின், நாம், பின்னால் கிடக்கும் மளிகைப் பை எல்லாம் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எடை. ரிம், டயர், பிரேக் தட்டு, அதைப் பிடிக்கும் காலிப்பர், சக்கரம் மாட்டும் ஹப் இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதுகில் 2 கிலோ பையோடு ஓடலாம். அதே 2 கிலோவைக் காலில் ரப்பர் பூட்ஸாக மாட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் அந்த எடையைத் தூக்கி, முன்னால் வீசி, நிறுத்தி, மறுபடியும் கீழே வைக்க வேண்டும். காரின் சக்கரமும் அப்படித்தான். ஒரு மேட்டில் ஏறும்போது சக்கரம் சட்டென்று மேலே எகிறும். கனமான சக்கரம் அதிக வேகமும் பலமும் கொண்டு எகிறும். அதை அடக்குவது அப்சோர்பரின் வேலை. அடக்க முடியாத மீதிதான் பாடிக்குள் வந்து நம் முதுகில் அடிக்கிறது.

அதை விட முக்கியமானது, எகிறிய சக்கரம் எவ்வளவு சீக்கிரம் தரைக்குத் திரும்புகிறது என்பது. 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரே வினாடியில் 30 மீட்டர் ஓடிவிடும். அந்த வேகத்தில் சக்கரம் கண் இமைக்கும் நேரம் தரையை விட்டாலும், அந்தச் சில மீட்டருக்கு அங்கே பிடிமானம் கிடையாது. பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. மாலை மழையில் ஈரமான வளைவில் இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆக, சக்கரம் லேசானால் பிடிமானமும் கூடும், குலுக்கலும் குறையும். இந்த ஓர் இடத்தில் வேகமும் சொகுசும் ஒரே பக்கம் நிற்கின்றன.

எவ்வளவு லேசு? கணக்குப் போடலாம்

கடையில் ஒரு கதை சொல்வார்கள்: “சக்கரத்தில் 1 கிலோ குறைந்தால் பாடியில் 10 கிலோ குறைந்த மாதிரி.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி ஒரு கணக்கு இயற்பியலில் இல்லை.

சுழலும் பொருளை வேகப்படுத்த, அதை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பில் இருந்தாலும்கூட, முடுக்கத்தில் 1 கிலோ அதிகபட்சம் 2 கிலோ போலத்தான் நடந்துகொள்ளும். ரிம்மின் எடை இன்னும் உள்ளே இருப்பதால் அதை விடவும் குறைவு. 10 எல்லாம் கிடையாது.

தம்பியின் காரையே எடுத்துக்கொள்வோம். எடை உத்தேசமாக 1,240 கிலோ. நல்ல லேசான ரிம் போட்டால் சக்கரத்துக்கு 2.5 கிலோ குறையும் என்று வையுங்கள். நான்குக்கும் சேர்த்து 10 கிலோ. மொத்தக் காரில் அது 1 விழுக்காடுகூட இல்லை. பக்கத்துச் சீட்டில் ஒரு பெரிய அரிசிப் பையை இறக்கி வைத்ததுதான்.

ஆனால் ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை சுமார் 40 கிலோ என்று எடுத்துக்கொண்டால், 2.5 கிலோ என்பது 6 விழுக்காடு. பலன் இங்கேதான் தெரியும். சின்னச் சின்ன ஒட்டுப்போட்ட சாலை, பாலத்து இணைப்பு, டோல் கோடு இவற்றில் கார் சட்டென்று அடங்கும். பெரிய பொங்கோலில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள்.

ரிம் பெரிதானால் என்ன ஆகும்?

தம்பி பார்த்த 18 அங்குல ரிம் உண்மையிலேயே லேசானதுதான். ஆனால் ரிம் தனியாக ஓடுவதில்லை, டயரோடு ஓடுகிறது. இந்த அளவில் டயர் ஒன்றே 9, 10 கிலோ வரும். அளவு பெரிதாகி அகலமும் கூடும்போது, ரிம்மில் மிச்சப்பட்டதை டயர் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதுவும் அந்த எடை மையத்திலிருந்து தள்ளி, வெளி விளிம்பில் போய் உட்காரும்.

இன்னொன்று டயரின் பக்கச் சுவர். டயரில் 215/45ஆர்17 என்று எழுதியிருந்தால் அகலம் 215 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு என்று அர்த்தம். அதாவது கிட்டத்தட்ட 97 மில்லிமீட்டர். தம்பி பார்த்த 225/40ஆர்18 டயரில் அது 90. வெறும் 7 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் குழியில் விழும்போது முதலில் வேலை செய்வது ஸ்பிரிங் இல்லை, அப்சோர்பர் இல்லை. காற்று அடைத்த அந்தச் சுவர்தான். அது ஒல்லியானால் அடி நேராக ரிம்முக்குப் போகும். பருவமழைக்குப் பிறகு டயர் கடைகளில் வளைந்த ரிம்கள் வரிசையாக நிற்பது இதனால்தான்.

கார் நிறுவனங்களே இதில் பின்வாங்கிய கதை உண்டு. ஹோண்டா சிவிக் டைப் ஆர், 2017-இல் வந்த மாடலில் 20 அங்குல ரிம்மும் 245/30 டயரும் போட்டிருந்தது. 2022-இல் அடுத்த மாடல் வந்தபோது அதை 19 அங்குலமாகக் குறைத்து, அகலமான 265/30 டயர் மாட்டினார்கள். பக்கச் சுவர் 73.5 மில்லிமீட்டரிலிருந்து 79.5 ஆனது. பந்தயத் தடத்தில் சாதனை நேரம் பார்க்கும் கார் அது. அதற்கே ரிம்மைச் சிறிதாக்கி டயரைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். நாம் மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் ஏற்றிக்கொண்டே போகிறோம்?

நம் நாட்டுக்கு நெருக்கமான இன்னோர் உதாரணம் லோட்டஸ். புரோட்டோன் நிறுவனம் 1996-இல் லோட்டஸை வாங்கியது. அதே ஆண்டு லோட்டஸின் எலிஸ் கார் விற்பனைக்கு வந்தது. எடை சுமார் 725 கிலோதான். முன் சக்கரம் 15 அங்குலம், பின் சக்கரம் 16. இன்றைய மைவியின் பக்கத்தில் வைத்தால்கூட அந்தச் சக்கரங்கள் பெரிதாகத் தெரியாது. கார் லேசானதால் கடினமான ஸ்பிரிங் தேவைப்படவில்லை. உலகம் முழுதும் அந்தக் காரின் திருப்பத்தைப் புகழ்ந்தார்கள். 1990களின் இறுதியில் லோட்டஸ் கைபட்ட நம் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயை ஓட்டிய அண்ணன்மாரைக் கேளுங்கள். சாலையோடு சேர்ந்து போகும் கார் எப்படி இருக்கும் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள்.

கடினம் வேறு, கட்டுப்பாடு வேறு

இப்போது சஸ்பென்ஷனுக்கு வருவோம். இங்கே இரண்டு பொருள்கள் இரண்டு வேலை செய்கின்றன. ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது. அப்சோர்பர் ஆட்டத்தை அடக்குகிறது. நல்ல அப்சோர்பர் போட்ட மென்மையான ஸ்பிரிங், மட்டமான அப்சோர்பர் போட்ட கடினமான ஸ்பிரிங்கை விட நம் சாலையில் வேகமாகப் போகும்.

சாதாரணக் காரின் பாடி, வினாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும். நாம் நடக்கும்போது உடல் ஆடும் வேகமும் ஏறத்தாழ அதுதான், அதனால் நமக்கு அது பழகிப்போனது. சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் இது 2-ஐ நெருங்கும். ஸ்பிரிங்கை 4 மடங்கு கடினமாக்கினால் ஆடும் வேகம் 2 மடங்காகும். மனித உடல் மேலும் கீழுமான ஆட்டத்தை மிக அதிகமாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும்போது. கல் மாதிரி ஸ்பிரிங் போடப் போட, முதுகெலும்புக்குப் பிடிக்காத அந்தப் பகுதிக்குத்தான் காரைத் தள்ளிக்கொண்டு போகிறோம்.

பந்தயத் தடத்துக்கு அது சரி. சிப்பாங் போன்ற தடம் வழவழப்பானது. அங்கே ஓட்டுபவர் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார். ஃபெடரல் நெடுஞ்சாலை சிப்பாங் இல்லை.

அடுத்து இறக்கம். காரை 40 மில்லிமீட்டர் இறக்கினால் பார்க்க அழகுதான். ஆனால் சக்கரம் மேலே போக இருந்த இடமும் அவ்வளவு குறைகிறது. அப்சோர்பர் கம்பியின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். இறக்கிய கார் சின்னக் குழியிலேயே போய் அதில் முட்டும். அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. “செட்டப் டைட்டா இருக்கு” என்று பெருமையாகச் சொல்லும் பல கார்களில் நாம் உணர்வது ஸ்பிரிங்கை இல்லை, அந்த ரப்பர் கட்டையைத்தான்.

ஸ்பிரிங்கின் எண்ணை மட்டும் வைத்து இரண்டு கார்களை ஒப்பிடுவதும் தப்பு. ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா, உள்ளே தள்ளி இருக்கிறதா என்பதைப் பொறுத்து பலம் மாறும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்றால், சக்கரத்தில் தெரியும் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். நண்பன் காரில் நன்றாக இருந்த 8 கிலோ ஸ்பிரிங் உங்கள் காரில் கல்லாக இருக்கலாம்.

கடைசியாக, என் தொழில் சார்ந்த ஒரு விஷயம்: சத்தம். காலை நிகழ்ச்சிக்காக விடியுமுன் கிளம்புகிறவள் நான். அந்த நேரத்தில் காருக்குள் எழும் ஒவ்வொரு ஒலியும் தெளிவாகக் கேட்கும். அப்சோர்பரின் தலைப்பகுதியில் ஃபேக்டரி ரப்பர் வைத்திருக்கும். பல அட்ஜஸ்டபிள் செட்களில் அதற்குப் பதிலாக இரும்பு உருண்டை மூட்டு வரும். திருப்பும்போது துல்லியம் கொஞ்சம் கூடும். கூடவே சாலையின் ஒவ்வொரு கல்லும் ‘டக் டக்’ என்று காதுக்கு வந்து சேரும். இரண்டு மணி நேரப் பயணத்தில் உடம்பை விடக் காதுதான் முதலில் களைக்கும். தினமும் ஓட்டும் காருக்கு ரப்பர் உள்ள செட்டையே கேட்டு வாங்குங்கள்.

எதை முதலில் செய்வது?

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவழிக்கலாம்.

முதலில், காற்றும் அலைன்மென்ட்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். வாங்கியது பழைய கார் என்றால் தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுங்கள். பாதிப் பேரின் குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, டயர். நல்ல டயரை விடப் பெரிய அப்கிரேட் எதுவும் இல்லை. ஈரச் சாலைப் பிடிமானத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ரிம். அதே அளவில் லேசானது. பிரேக்குக்கு இடம் இருந்தால் ஓர் அங்குலம் சிறியதையும் யோசிக்கலாம். வார்ப்பு ரிம் மலிவு, ஆனால் கனம். அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு ரிம் லேசானது, பலமானது, விலையும் அதற்கேற்ப. இரண்டுக்கும் நடுவே, விளிம்பைச் சூடாக்கி உருட்டி நீட்டும் ஃபுளோ ஃபார்மிங் வகை இருக்கிறது. குடும்பக்காரர்களுக்கு அது நியாயமான தேர்வு. ஜப்பானின் ஜேடபிள்யூஎல், விஐஏ முத்திரைகள் இருக்கின்றனவா பாருங்கள். ஆனால் முத்திரையைக்கூடப் போலியாக அடிப்பவர்கள் உண்டு. ஆகவே நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். பிரபல ரிம்மின் போலி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். குழியில் விழுந்து அது பிளந்தால் காருக்குள் இருப்பது நம் பிள்ளைகள்.

நான்காவது, அப்சோர்பர். நல்ல தரம், ஃபேக்டரியை விடக் கொஞ்சம்தான் கடினமான ஸ்பிரிங், 15 முதல் 20 மில்லிமீட்டர் இறக்கம். சாலைக்கு அது போதும்.

எதை மாற்றினாலும் முதலில் ஜேபிஜே விதியையும் காப்புறுதி நிபந்தனையையும் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்பதில் பயனில்லை.

அம்மா தூங்கிப் போனார்

தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 17 அங்குலத்திலேயே லேசான ரிம் வாங்கினார். ஸ்பிரிங்கைக் கொஞ்சமாகவும், அப்சோர்பரை முழுதாகவும் மாற்றினார். 15 மில்லிமீட்டர் இறக்கினார். முதலில் போட்ட பட்டியலை விடச் செலவு கொஞ்சம்தான் குறைந்தது. ஏனென்றால் மிச்சத்தைத் தரமான அப்சோர்பரில் போட்டார்.

மாற்றிய பிறகு என்னை உலு யாம் சாலையில் ஒரு சுற்று அழைத்துப் போனார். வளைவில் ஒட்டுப்போட்ட இடங்களில் முன்பு பின்பக்கம் துள்ளி விலகும். இப்போது அமுங்கி, ஒட்டிக்கொண்டு போகிறது. தம்பி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் அம்மாவோடு ஈப்போவுக்கு, அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும் கேட்டேன், “அம்மா என்ன சொன்னாங்க தம்பி?”

“ஒண்ணும் சொல்லலை அக்கா. தஞ்சோங் மாலிம் தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டாங்க.”

கடைக்குப் போகும்போது

நீங்களும் ஒரு பட்டியலோடு கடைக்குப் போகப் போகிறீர்கள் என்றால், விலை கேட்பதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். ரிம்மும் டயரும் சேர்த்து என்ன எடை? தராசில் வைத்துக் காட்ட முடியுமா? இறக்கிய பிறகு பம்ப் ஸ்டாப்புக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? இதே செட் போட்ட காரில் ஒரு சுற்று உட்கார்ந்து வர முடியுமா?

கடைசிக் கேள்விக்குச் சரி என்றால் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் அந்தக் காரில் அதிகம் உட்காரும் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வழவழப்பான பெரிய சாலையைத் தவிர்த்து, உங்கள் தாமானுக்குள் நுழைந்து நான்கு பொங்கோல் ஏறி இறங்குங்கள். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் கைப்பிடியைப் பிடிக்காமல் பேச்சைத் தொடர்ந்தால், கடைக்காரரிடம் பணத்தைக் கொடுக்கலாம்.